வீன்யா தொந்தோனியா: ஒரு குடும்பத் தோட்டத்துச் சிவப்பு ஒயினைச் சுவைக்க முழுமையான வழிகாட்டி

ஒயின் சுவைப்பது பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் எந்த ஒயினுக்கும் பொருந்தும்படி பொதுவாக எழுதப்பட்டிருக்கும். பார், சுழற்று, முகர், பருகு என்று நாலு வரி. படித்துவிட்டுக் கிளாஸைக் கையில் எடுத்தால் எதைத் தேடுவது என்றே பிடிபடாது. அதனால் இங்கே ஒரே ஒரு ஒயினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் ஆரோ என்ற சிற்றூரில் லோபெஸ் தே எரேதியா குடும்பத்தார் செய்யும் ‘வீன்யா தொந்தோனியா ரெசெர்வா’ சிவப்பு. 1877-இல் தொடங்கிய ஒயின் வீடு, அதாவது ஒயின் நிறுவனம். இன்றைக்கும் அதே குடும்பம்தான் நடத்துகிறது, இப்போது நான்காம் தலைமுறை.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இந்த ஒயினில் நாக்கில் படுகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்த வீட்டார் எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. பீப்பாயில் எத்தனை வருஷம், எந்த மரம், வடிகட்டுவதா வேண்டாமா என்பதெல்லாம் வெளிப்படையாகத் தெரிந்த விஷயம். காரணம் தெரிந்துகொண்டு சுவைத்தால் நாக்கு சீக்கிரம் பழகும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சுவைக்க வருபவர்கள் ‘இது செர்ரியா, பிளம்மா, வனிலாவா’ என்று வாசனைக்குப் பெயர் தேடுவதிலேயே பொழுதைப் போக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசி வேலை. புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எப்படி, வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற மூன்றையும் பிடித்துவிட்டால் ஒயின் பிடிபட்ட மாதிரி. பெயர்கள் தானாக வரும், வராவிட்டாலும் குறையில்லை.

பாட்டிலுக்குள் என்ன நடந்திருக்கிறது

சுவைக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1860-களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் ஃபிலாக்சரா என்ற பூச்சி புகுந்தது. வேரைத் தின்று கொடியைக் காயவைக்கும் பூச்சி. பிரான்சின் பெயர்பெற்ற ஒயின் பகுதியான போர்தோவின் வணிகர்களுக்குச் சரக்குக் கிடைக்காமல் போகவே, மலை தாண்டி ரியோஹாவுக்கு வந்தார்கள். ஆரோவில் அப்போது ரயில் வந்துவிட்டது. ஒயினை ஏற்றி அனுப்ப வசதி என்பதால் ஸ்டேஷனைச் சுற்றியே ஒயின் வீடுகள் முளைத்தன. அந்தப் பகுதிக்கு இன்றும் ‘ஸ்டேஷன் பேட்டை’ என்றுதான் பெயர். இந்த வீட்டைத் தொடங்கிய ரஃபேல் லோபெஸ் தே எரேதியா அங்கேதான் தன் நிலவறையைத் தோண்டினார். போர்தோக்காரர்களிடமிருந்து ரியோஹா கற்றுக்கொண்டதில் முக்கியமானது, 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஒயினை வருடக்கணக்கில் வைத்து முதிரவிடும் பழக்கம். பிறகு போர்தோவே பல விதங்களில் மாறிப்போனது. இந்த வீடு அந்தப் பழைய பழக்கத்தை விடவில்லை.

நூற்றாண்டு முடியும் தறுவாயில் அதே பூச்சி ரியோஹாவுக்கும் வந்தது. அதற்குப் பிறகு, 1913, 1914 ஆண்டுகளில், எப்ரோ ஆற்றின் வலக்கரையில் ஆறு வளைந்து ஓடும் இடத்தில் ரஃபேல் நட்ட தோட்டம்தான் தொந்தோனியா. ஏறத்தாழ 100 ஹெக்டேர். ஆறு கொண்டுவந்து சேர்த்த களிமண்ணும் நிறையச் சுண்ணாம்பும் கலந்த நிலம். இந்த வீட்டார் தங்கள் சொந்தத் தோட்டத்துப் பழத்தையே பயன்படுத்துகிறார்கள். தொந்தோனியா சிவப்பில் சுமார் முக்கால் பங்கு தெம்ப்ரனியோ திராட்சை. மீதியில் கர்னாச்சா அதிகம். கிராசியானோவும் மசுவேலோவும் கொஞ்சம் கொஞ்சம்.

அறுத்த பழம் பெரிய மரத் தொட்டிகளில் நொதிக்கிறது. ஈஸ்ட் தனியாகச் சேர்ப்பதில்லை. தோட்டத்திலும் நிலவறையிலும் இருப்பதே வேலை செய்கிறது. பிறகு அமெரிக்க ஓக் பீப்பாய். பலகையை வாங்கிவந்து தங்கள் பட்டறையிலேயே பீப்பாய் கட்டுகிறார்கள். பீப்பாய்கள் பழையவை, திரும்பத் திரும்பப் பயன்படுபவை என்பதால் மரம் தன் வாசனையை மட்டுமீறி ஒயினில் இறக்காது. அந்தப் பீப்பாயில் ரெசெர்வா ஆறு வருஷம் கிடக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை அடியில் மண்டியை விட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் வேறு பீப்பாய்க்குக் கையால் மாற்றுகிறார்கள். கடைசியில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துத் தெளியவைத்து, வடிகட்டாமல் பாட்டிலில் அடைக்கிறார்கள். (முட்டையை அறவே தவிர்ப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும். வெள்ளைக்கரு மண்டியோடு அடியில் தங்கி வெளியேறிவிடும் என்றாலும், பயன்படுத்தியது பயன்படுத்தியதுதான்.)

ரியோஹாவின் சட்டப்படி ‘ரெசெர்வா’ என்று போட்டுக்கொள்ள மொத்தம் 3 வருஷம் போதும், அதில் 1 வருஷம் பீப்பாயில் இருந்தால் போதும். ஆறு வருஷம் என்பது இவர்களாக வைத்துக்கொண்ட கணக்கு. பாட்டிலில் அடைத்த பிறகும் நிலவறையில் காக்கவைப்பதால், அறுவடையாகிப் பத்து வருஷம் கழித்துத்தான் பெரும்பாலும் கடைக்கு வருகிறது. காசைப் பத்து வருஷம் முடக்கிப்போட்டு வியாபாரம் செய்ய, கேள்வி கேட்கும் பங்குதாரர்கள் இல்லாத குடும்பத்தால்தான் முடியும் என்று நினைக்கிறேன்.

ஆறு வருஷம் பீப்பாயில் கிடக்கும்போது மரத்தின் வழியாகவும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் துளித்துளியாகக் காற்று படுகிறது. நிறமிகளும் டானின் என்ற துவர்ப்புப் பொருட்களும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, ஒரு பகுதி அடியில் படிந்துவிடுகிறது. நிறம் வெளுக்கும், துவர்ப்பு மெலியும். புதுப் பழ வாசனை பின்வாங்கி, உலர்ந்த பழமும் தோலும் புகையிலையுமான வாசனை முன்னே வரும். புளிப்பு மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். கிளாஸில் நாம் பார்க்கப்போவது இதைத்தான்.

வாங்கும்போது

முன் லேபிளில் அறுவடை ஆண்டும் ‘ரெசெர்வா’ என்ற சொல்லும் இருக்கும். பின்பக்கம் ரியோஹா ஒழுங்குமுறைக் குழுவின் சிறிய முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். ரெசெர்வாவைவிடக் குறைந்த காலம் முதிர்ந்த கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்கு அடர் மெரூன், அதைவிட நீண்ட காலம் முதிர்ந்த கிரான் ரெசெர்வாவுக்கு நீலம். கிரான் ரெசெர்வாவை இந்த வீடு சிறந்த ஆண்டுகளில் மட்டுமே செய்கிறது. விலை பல மடங்கு. முதல் முறைக்கு அது வேண்டாம், ரெசெர்வா போதும்.

லேபிளைவிட முக்கியம் பாட்டில் கிடந்த இடம். கடை ஜன்னலில் வெயில் படும்படி நிற்கும் பாட்டிலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொடாதீர்கள். கழுத்தில் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அதே ஆண்டின் மற்றப் பாட்டில்களைவிட மட்டம் இறங்கியிருந்தால், கார்க் வெளியே துருத்தியிருந்தால், மூடியைச் சுற்றிக் கசிந்த கறை இருந்தால் அதை வைத்துவிட்டு வேறு எடுங்கள். வெப்பம் தின்ற ஒயினை எந்தக் கிளாஸும் காப்பாற்றாது.

முந்தின நாள்

வடிகட்டாத ஒயின், வயதான ஒயின். அதனால் அடியில் மண்டி இருக்கும். படுக்கவைத்திருந்த பாட்டிலைக் குறைந்தது ஒரு நாள் முன்னாலேயே நிமிர்த்தி வையுங்கள். இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. பிறகு ஆட்டக் கூடாது.

‘சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும்’ என்பது சரியான வாக்கியம்தான், நமக்கு மட்டும் தப்பு. அது ஹீட்டர் வராத காலத்து ஐரோப்பிய வீடுகளை வைத்துச் சொன்னது. அந்த அறையில் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருந்திருக்கும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ அறையில் 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் முன்னுக்கு வந்து மூக்கைச் சுடும், மற்ற வாசனை எல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், ஒயின் கொழகொழவென்று தோன்றும். ஃபிரிட்ஜில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், அல்லது ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம் வைத்தால் சரியாக வரும். தொந்தோனியாவை நான் 16-ஐ ஒட்டியே ஊற்றுவேன். கிளாஸில் தானாகச் சூடேறிவிடும். ஆனால் 12-க்குக் கீழே போனால் துவர்ப்பு தூக்கலாகி, வாசனை மூடிக்கொள்ளும்.

சுவைக்கும் அன்று அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, தாளிப்பு வாசனை எதுவும் வேண்டாம். மல்லிகைப்பூ இருந்தால் அடுத்த அறைக்குப் போகட்டும். பல் துலக்கி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காபி குடித்த வாயும் உதவாது.

கார்க்கை எடுப்பது

பத்து வருஷம் ஒயினில் ஊறிய கார்க் மிருதுவாகியிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் பாதியில் முறியும். மூடித் தாளைக் கழுத்தின் கீழ் விளிம்புக்கு அடியில் வெட்டி எடுத்துவிட்டு, வாயைச் சுத்தமான ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். அங்கே கருப்பாகப் பூசணம் இருக்கலாம். ஈரமான நிலவறையில் கிடந்த பாட்டில்களில் அது சகஜம், ஒயினுக்குக் கெடுதல் இல்லை.

திருகு ஊசியை நட்ட நடுவில் குத்தி, கடைசி வளையம் வரை இறக்கி, நெம்புகோலால் நிதானமாக மேலே தூக்குங்கள். கடைசி அரை அங்குலத்தைக் கையால் பிடித்து லேசாகத் திருகி எடுப்பது நல்லது. பழைய பாட்டில்களை அடிக்கடி திறப்பவர்கள், கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நுழையும் இரண்டு தகடு கொண்ட திறப்பானை வைத்திருப்பார்கள். முறிந்துவிட்டால் பதற வேண்டாம். மீதியைச் சாய்வாகத் திருகி எடுக்கப் பாருங்கள், அதுவும் முடியாவிட்டால் உள்ளே தள்ளிவிட்டு மெல்லிய துணியில் வடித்துக்கொள்ளலாம்.

எடுத்த கார்க்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒயின் பட்ட முனை கருஞ்சிவப்பாக, சில நேரம் சிறு படிகங்கள் ஒட்டியபடி இருக்கும். அவை டார்டாரிக் அமிலத்தின் உப்பு, பயப்பட ஒன்றுமில்லை. பக்கவாட்டில் கறை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதுதான் செய்தி. மேல் முனை வரை ஒரு கோடாக ஏறியிருந்தால் அந்த வழியே ஒயின் கசிந்திருக்கிறது, காற்றும் புகுந்திருக்கலாம். கார்க்கை முகர்வதில் பயன் குறைவு. ஒயினையே முகருங்கள்.

டிகேன்டரில், அதாவது ஒயினை மாற்றி ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவையில், ஊற்றுவதா? இந்த ஒயினுக்கு மூச்சுவிடுவதற்காக ஊற்றத் தேவையில்லை, ஆறு வருஷம் மூச்சுவிட்டாகிவிட்டது. மண்டியைப் பிரிக்க வேண்டுமானால் ஊற்றலாம். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் செல்போன் விளக்கை வைத்துக்கொண்டு ஒரே சீராகச் சரியுங்கள். கழுத்தில் புகைபோல மண்டி வரத் தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். நான் பாட்டிலிலிருந்தே நேராக ஊற்றுவேன். கிளாஸில் அது திறந்துகொள்வதை முதலிலிருந்து பார்ப்பது இந்த ஒயினின் பாதி இன்பம். டிகேன்டரில் அந்தப் பகுதி நமக்குத் தெரியாமலே நடந்துவிடும்.

கிளாஸ், அளவு

வாய்ப்பக்கம் குறுகி வயிறு அகன்ற கிளாஸ் எதுவானாலும் சரி. காம்பு இருந்தால் கையின் சூடு ஏறாது. ஒயின் சுவைக்கவென்றே வகுத்த ஐஎஸ்ஓ கிளாஸ் 215 மில்லி கொள்ளும், அதில் 50 மில்லி ஊற்றுவது வழக்கம். அகலமான இடத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி ஊற்றினால் போதும். இன்னும் ஊற்றினால் சுழற்ற இடமிருக்காது, சட்டை பாழ்.

நாலைந்து ஒயின்களை ஒரே மாலையில் சுவைப்பதாக இருந்தால் துப்பக் கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு குவளை. தொழில்முறையாகச் சுவைப்பவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வண்டி ஓட்டிக்கொண்டு திரும்புவதாக இருந்தால் ஒரு ஒயினானாலும் துப்புங்கள்.

கண்

வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, நடுவையும் விளிம்பையும் தனித்தனியாகப் பாருங்கள். இளம் தெம்ப்ரனியோ என்றால் நடுவில் ஊதா கலந்த கருஞ்சிவப்பு. கிளாஸுக்கு அடியில் வைத்த எழுத்தைப் படிக்க முடியாது. தொந்தோனியாவில் எழுத்து தெரியும். நடுவில் மாதுளை முத்தின் சிவப்பு, விளிம்பை நெருங்க நெருங்கச் செங்கல் நிறம், கடைசியில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. வடிகட்டாததால் பளிங்குத் தெளிவு இல்லாமல் இருக்கலாம். முழுக்கப் பழுப்பாகி, சிவப்பே இல்லாமல் இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

கிளாஸ் சுவரில் இறங்கும் ‘கண்ணீர்’ பற்றி நிறையப் பேசுவார்கள். அது ஆல்கஹால் ஆவியாவதால் நடப்பது, தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. விட்டுவிடலாம்.

கண்ணில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். வெள்ளை ஒயினாக இருந்தபோது எலுமிச்சை, தேன் என்று எழுதியவர்கள், சாயம் கலந்த பிறகு சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாக எழுதித்தள்ளினார்கள். 2001-இல் வெளியான ஆய்வு அது. மூக்கு கண்ணின் பேச்சைக் கேட்டு நடக்கும். அதனால் நிறத்தைக் குறித்துக்கொண்டு, மூக்குக்குப் போகும்போது அதை மறந்துவிடப் பாருங்கள்.

மூக்கு

முதலில் சுழற்றாமல் முகருங்கள். இது கோளாறு தேடும் முகர்வு. ஈரமான அட்டைப்பெட்டி, மழையில் நனைந்து காயாத பழைய காகிதக்கட்டு போன்ற வாடை வந்தால் அது கார்க் கெட்டதன் அடையாளம். டிசிஏ என்ற வேதிப்பொருளின் வேலை. நேரம் ஆக ஆக அந்த வாடை கூடுமே தவிரப் போகாது. பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம், நல்ல கடையில் மாற்றித் தருவார்கள். தீக்குச்சி உரசிய வாடையோ லேசான முட்டை வாடையோ வந்தால் காத்திருங்கள், காற்றுப் பட்டதும் பெரும்பாலும் கலைந்துவிடும். நெயில் பாலிஷ் நீக்கும் திரவத்தின் சுரீர் வாடை மெல்லிதாக வந்தால்? பழைய முறையில் நீண்ட காலம் பீப்பாயில் வைத்த ஒயின்களில் அது கொஞ்சம் இருக்கவே செய்யும். தொந்தோனியாவிலும் சில ஆண்டுகளில் உண்டு. அளவாக இருந்தால் வாசனையைத் தூக்கிவிடுகிறது என்பது என் எண்ணம். சகிக்காதவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது சுழற்றி முகருங்கள். நீளமாக இழுக்க வேண்டாம், சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை. பிறகு கிளாஸை இறக்கிவிட்டு மூக்குக்கு ஓய்வு. தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும்.

பெயர் தேடுவதற்குப் பதில் இது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பழத்திலிருந்தா, மரத்திலிருந்தா, வயதிலிருந்தா? பழம் என்றால் புதியதா, உலர்ந்ததா, வெந்ததா? இங்கே உலர்ந்த செர்ரி, ஆரஞ்சுத் தோல் பக்கம் போகும். மரம் என்றால் அமெரிக்க ஓக்குக்கு ஒரு கையெழுத்து உண்டு: ஓக் லாக்டோன் என்ற பொருள் அதில் கூடுதல், அது கொப்பரைத் தேங்காய் வாசனை தரும். பிரெஞ்சு ஓக்கில் முதிர்ந்த ஒயினில் அவ்வளவு இருக்காது. தேங்காயோடு பழகிய மூக்குக்கு இது சட்டென்று பிடிபடும். கூடவே வனிலா, கொஞ்சம் சோம்பு. வயது என்றால் பழைய தோல்பை, புகையிலை, காய்ந்த இலை, ஈர மண். மூன்றில் எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும்.

சொற்கள் தேவைப்படும்போது உங்கள் வீட்டுச் சொற்களையே எடுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபிள் 1980-களில் உருவாக்கிய ‘வாசனைச் சக்கரம்’ உலகமெங்கும் பயன்படுகிறது. ஆனால் அதிலுள்ள பிளாக்பெர்ரியைத் தின்றே இராதவர் அதை எழுதி என்ன பயன்? பேரீச்சை, உலர்திராட்சை, கொட்டைப்பாக்கு, ஏலக்காய், கருப்பட்டி என்று எது நினைவுக்கு வருகிறதோ அதை எழுதுங்கள். அடுத்த முறை அதே சொல்லைப் படித்ததும் அந்த வாசனை திரும்ப வர வேண்டும், குறிப்பின் வேலை அவ்வளவுதான்.

வாய்

இதற்குத்தான் இவ்வளவும். ஒரு தேக்கரண்டி அளவுக்குச் சற்றுக் கூடுதலாக வாயில் எடுங்கள். உடனே விழுங்காதீர்கள். நாக்கு, கன்னம், ஈறு எல்லா இடத்திலும் படும்படி உருட்டுங்கள். பிறகு உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே உறிஞ்சுங்கள். சத்தம் வரும், வரட்டும். வாயிலுள்ள ஒயினின் வாசனை தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கை அடைவது இப்போதுதான். சளி பிடித்த நாளில் சாப்பாடு ருசிக்காமல் போவது இந்த வழி அடைபடுவதால்.

நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் பார்த்த படத்தை மறந்துவிடுங்கள், அது தவறு. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பகுதியிலும் தெரியும்.

ஒவ்வொரு வாய்க்கும் ஒரே ஒரு கேள்வி. எல்லாவற்றையும் ஒரே மடக்கில் பிடிக்கப் பார்த்தால் எதுவும் பிடிபடாது.

முதல் வாய் வெறும் ஒத்திகை. நாக்கைப் பழக்க. அதை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

இரண்டாவது வாயில் புளிப்பு. விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ தலையைக் கீழே குனிந்து வாயை மூடிக்கொண்டிருங்கள். கன்னத்தின் உட்புறத்திலும் நாக்குக்கு அடியிலும் உமிழ்நீர் எவ்வளவு வேகமாக ஊறுகிறது? அதுதான் அளவுகோல். தொந்தோனியாவில் நன்றாகவே ஊறும். இவ்வளவு வயதான ஒயின் தளர்ந்துபோகாமல் நிமிர்ந்து நிற்பது இந்தப் புளிப்பால்தான். இளம் பழச் சிவப்புகளுக்குப் பழகியவர்கள் முதலில் இதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு.

மூன்றாவது வாயில் துவர்ப்பு. இது சுவையைவிடத் தொடுவுணர்வு. டானின்கள் உமிழ்நீரின் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வழவழப்பு போய் வாய் வறள்கிறது. நாக்கை மேல் ஈறின் மேல் ஓட்டிப் பாருங்கள், பிறகு கன்னத்தின் உட்பக்கம். வழுக்குகிறதா, பிடிக்கிறதா? பிடிப்பு சொரசொரப்பாக இருக்கிறதா, மாவுபோல நைஸாக இருக்கிறதா? எவ்வளவு துவர்ப்பு என்பதைவிட எப்படிப்பட்ட துவர்ப்பு என்பது முக்கியம். பச்சைப் பாக்கு மென்றால் வாயை இறுக்கிப் பிடிக்குமே, இளம் ஒயினில் அந்த ரகம். தொந்தோனியாவில் துவர்ப்பு இருக்கிறது, ஆனால் கூர் மழுங்கி, மேல் ஈறில் மெல்லிய படலமாக மட்டும் தங்கும். ஆறு வருஷப் பீப்பாயும் முட்டை வெள்ளைக்கருவும் செய்த வேலையை நாக்கால் தொட்டுப் பார்ப்பது இந்த இடத்தில்தான். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் இளம் சிவப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிச் சுவைத்தால் வித்தியாசம் ஒரே நிமிடத்தில் விளங்கும். பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட இது மேல்.

நாலாவது வாயில் உடலும் சூடும். ஒயின் நாக்கில் தண்ணீராக ஓடுகிறதா, கனத்து உட்காருகிறதா? தொண்டையில் ஆல்கஹால் சுடுகிறதா? இந்த ஒயினில் ஆல்கஹால் 13 சதவீதத்தை ஒட்டி, நடுத்தர உடல், சூடு தெரியக் கூடாது. தெரிந்தால் ஒயின் சூடேறிவிட்டது என்று பொருள், ஐந்து நிமிடம் ஐஸ் தண்ணீரில் வையுங்கள். இனிப்பு இருப்பதுபோல் தோன்றினால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் பருகிப் பாருங்கள். இனிப்பு மறைந்துவிடும். வனிலா, தேங்காய் வாசனை செய்த மாயம் அது, சர்க்கரை இல்லை.

ஐந்தாவது வாயில் நீளம். விழுங்கிவிட்டு மனசுக்குள் எண்ணுங்கள். புளிப்போ துவர்ப்போ எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணக் கூடாது. வாசனை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ண வேண்டும். ஐந்து நொடியில் காணாமல் போனால் குட்டை. பத்தைத் தாண்டினால் நல்ல ஒயின். அதற்கு மேலும் நின்று, நிற்கும்போதே ஆரஞ்சுத் தோலிலிருந்து புகையிலைக்கு மாறுகிறது என்றால் அந்த ஒயினைப் பற்றி நீங்கள் எழுத வேண்டிய முதல் வரி அதுதான்.

மணிக்கணக்கு

திறந்த உடன் இந்த ஒயின் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நிலவறை வாடை, மரம், புளிப்பு. முக்கால் மணி நேரத்தில் பழம் வெளியே வரும். இரண்டாம் மணி நேரத்தில் எல்லாம் ஒன்று சேர்ந்து உட்காரும். அதனால் முதல் கிளாஸில் இரண்டு வாய் மட்டும் குடித்துவிட்டு மீதியைத் தொடாமல் வையுங்கள். அரை மணிக்கொரு முறை அதே கிளாஸை முகர்ந்து ஒரு வரி எழுதுங்கள். முதல் வரியும் கடைசி வரியும் வேறு வேறு ஒயினைப் பற்றி எழுதினது மாதிரி இருக்கும். விருந்தினரோடு திறந்து அரை மணி நேரத்தில் காலி செய்பவர்கள் முரண்டை மட்டும் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

சாப்பாட்டோடு

ரியோஹாவில் திராட்சைக்கொடியின் காய்ந்த கிளைகளைக் கொளுத்தி, அந்தத் தணலில் இளம் ஆட்டின் விலாத்துண்டுகளை வாட்டுவார்கள். உப்பு மட்டும் போடுவார்கள். கொழுப்பும் உப்பும் துவர்ப்பை அடக்கும், புளிப்பு கொழுப்பை அறுக்கும். இந்த ஒயினுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. நம் அடுப்பில் செய்வதானால் மிளகாயை ஒதுக்கிவிடுங்கள். காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டி, துவர்ப்பைக் கசப்பாக்கிவிடும். உப்பும் கொஞ்சம் மிளகும் போட்டு நெய்யில் சுருளப் புரட்டிய ஆட்டுக்கறி நன்றாகப் போகும். சைவத்தில் வறுத்த காளான், கெட்டியான பழைய சீஸ். புளிக்குழம்பு, ரசம், ஊறுகாய் பக்கமே போக வேண்டாம். ஆனால் சுவைத்துக் குறிப்பெழுதி முடித்த பிறகே சாப்பாடு. முன்னால் வெறும் ரொட்டியும் தண்ணீரும்.

தீர்ப்பு

நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் பழக்கம் எனக்கு ஒட்டவில்லை. பிடித்ததா என்பது ஒரு கேள்வி, நன்றாகச் செய்யப்பட்டதா என்பது வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டாவதற்கு நாலு விஷயம் பார்க்கலாம்: புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹால் மூன்றில் ஒன்று மற்றதை மிதிக்காமல் இருக்கிறதா, நீளம் எவ்வளவு, வாசனை தெளிவாகப் பேசுகிறதா, நேரத்தோடு மாறுகிறதா. பழச்சுவை ததும்பும் ஒயினை விரும்புகிறவருக்குத் தொந்தோனியா பிடிக்காமல் போகலாம், ‘சீக்குப் பிடித்த மாதிரி இருக்கிறது’ என்று சொல்லலாம். அதிலும் தவறில்லை. எது பிடிக்கவில்லை என்று அவரால் சொல்ல முடிந்தால் ஒயினைச் சரியாகச் சுவைத்திருக்கிறார்.

குறிப்பு இப்படி இருந்தால் போதும்: ‘மாதுளைச் சிவப்பு, விளிம்பு செங்கல். உலர்ந்த செர்ரி, கொப்பரை, பழைய தோல், வயதுதான் முன்னால். புளிப்பு அதிகம், துவர்ப்பு நடுத்தரம், நைஸ். சூடு இல்லை. நீளம் நல்ல நீளம், கடைசியில் புகையிலை. இரண்டாம் மணி நேரத்தில் மிகச் சிறப்பு.’

மீந்தது

பாதி மீந்தால் கார்க்கைத் திரும்ப அடைத்து ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். பல பழைய ஒயின்கள் மறுநாளே சரிந்துவிடும். காற்றோடு வளர்ந்த இந்த ஒயின் மறுநாளும் தாங்கும், சில பாட்டில்கள் அதற்கு மறுநாளும். எடுத்து வெளியே அரை மணி நேரம் வைத்துவிட்டு முந்தின நாள் குறிப்போடு ஒப்பிட்டுச் சுவையுங்கள். அடியில் கடைசி இரண்டு விரல் மண்டியைக் கிளாஸில் ஊற்ற வேண்டாம், கறிக் குழம்பில் சேர்க்கலாம்.

அடுத்த பாட்டிலுக்கு, அதே வீட்டின் வீன்யா போஸ்கோனியா ரெசெர்வாவை எடுங்கள். அதே குடும்பம், அதே வகைப் பீப்பாய், ஆனால் வேறு தோட்டம்; தோள் சரிந்த பர்கண்டி வடிவப் பாட்டிலில் வரும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே மாதிரி கிளாஸில், யாராவது ஒருவர் மறைத்து ஊற்ற, எது எது என்று சொல்லப் பாருங்கள். ஆரோவுக்கே போக வாய்த்தால் நிலவறைக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வாசலில் கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத் வடிவமைத்த கண்ணாடிக் கூடம் நிற்கும். 1910 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்காக ரஃபேல் மரத்தில் செய்யச்சொன்ன பழைய கண்காட்சிக் கடை அதற்குள்ளே இருக்கிறது. கீழே நிலவறையில் சிலந்தி வலை அடர்ந்து தொங்கும். கார்க்கைத் துளைக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்தி தின்றுவிடும் என்று அதைக் கலைக்காமல் விட்டிருக்கிறார்கள்.